கல்லூரி வளாகத்தில் ஒரு தொலைக்காட்சி நிலையம்

ஒரு கல்லூரி விடுதியை நினைத்துக் கொள்ளுங்கள். அதில் 300 அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு கணிப்பொறி. அத்தனை கணிப்பொறிகளையும் இணைக்கும் கம்பிப் பின்னல் சுவரோரமாக ஓடுகிறது. இன்று இரவு 8 மணிக்குச் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் ஒளியின் இயல்பைப் பற்றிச் சொற்பொழிவாற்றப் போகிறார். 300 மாணவர்களும் தத்தம் அறையிலிருந்தபடியே அதைப் பார்க்க விரும்புகிறார்கள். கல்லூரியை வெளியுலகோடு இணைக்கும் இணையத் தொடர்போ வினாடிக்கு 100 மெகாபிட் அளவே கொண்டது. எல்லோரும் பார்க்க முடியுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓரளவு தெளிவான படத்திற்கு வினாடிக்கு 2 மெகாபிட் தேவை. 300 பேருக்கு 600 மெகாபிட். நம்மிடம் இருப்பது 100. எனவே முதல் 50 பேர் வரை படம் சீராக ஓடும். 51-ஆவது மாணவர் நுழைந்ததும் திணறல் தொடங்கும். 100-ஆவது மாணவர் வந்து சேரும்போது ஒருவருமே ஒழுங்காகப் பார்க்க முடியாது. கூடுதலாக ஐந்து மடங்கு இணைப்பை விலைக்கு வாங்குவது ஒரு வழி. ஆனால் அதற்கான பணம் எல்லாக் கல்லூரிகளிடமும் இல்லை.

வெளி இணைப்பை ஒரு மெகாபிட் கூட அதிகப்படுத்தாமல், 300 பேருக்கும், ஏன், 3000 பேருக்கும் அதே சொற்பொழிவைக் காட்ட முடியும் என்றால் நம்புவீர்களா? அது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பாரிஸ் மாணவர்களின் யோசனை

1990களின் நடுவில், பாரிஸ் நகருக்கு அருகே இருந்த எக்கோல் சென்ட்ரல் என்னும் பொறியியல் கல்லூரியின் விடுதி மாணவர்களுக்கு ஒரு குறை இருந்தது. விடுதியின் கணிப்பொறிப் பின்னல் பழையது, மிகவும் மெதுவானது. கணிப்பொறி விளையாட்டுகளைக் கூட நண்பர்களோடு சேர்ந்து ஆட முடியவில்லை. 'புதிய பின்னல் வேண்டும்' என்று கேட்டால், விளையாடுவதற்காக யார் பணம் தருவார்கள்? பயனுள்ள காரணம் ஒன்று தேவைப்பட்டது.

அப்பொழுது துணைக்கோள் தொலைக்காட்சி பரவிக் கொண்டிருந்த காலம். நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஆளுக்கொரு டிஷ் ஏரியலும் ஆளுக்கொரு பெட்டியும் வாங்குவதைவிட, வளாகத்திற்கு ஒரே ஒரு பெரிய டிஷ் வைத்து, அதில் கிடைக்கும் படத்தை வேகமான கணிப்பொறிப் பின்னல் வழியே எல்லா அறைகளுக்கும் அனுப்பினால் செலவு குறையுமே என்ற யோசனை பிறந்தது. 1996-இல் மாணவர்களின் திட்டமாக அது தொடங்கியது. முதற்கட்டச் சோதனை வெற்றி பெற்றதும், 1998-இல் நிரலை முதலிலிருந்து புதிதாக எழுதினார்கள். 'வீடியோலேன்' என்பது திட்டத்தின் பெயர். அனுப்பும் கணிப்பொறிக்கு ஒரு நிரல். பெற்றுக் காட்டும் கணிப்பொறிக்கு மற்றொரு நிரல். 2001 பிப்ரவரியில் கல்லூரியின் இசைவோடு அந்நிரல்களை உலகம் முழுவதும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் திறந்துவிட்டார்கள்.

பெற்றுக் காட்டும் அந்த நிரலை நீங்கள் அறிவீர்கள். சாலையில் வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பைச் சின்னமாகக் கொண்ட 'வி.எல்.சி.' என்பதே அது. இன்று திரைப்படம் பார்க்கப் பயன்படும் அந்நிரல், ஒரு விடுதியில் குறைந்த செலவில் தொலைக்காட்சி காண்பதற்காக மாணவர்கள் செய்த கருவி என்பது பலருக்குத் தெரியாது.

படம் எண்ணாக மாறுகிறது

தொலைக்காட்சிப் படம் கம்பியில் போவதற்கு முன் எண்களாக மாற வேண்டும். நம் நாட்டில் வழக்கிலிருந்த சாதாரணத் தொலைக்காட்சிப் படத்தை எடுத்துக் கொள்வோம். குறுக்கே 720 புள்ளிகள். நெடுக 576 புள்ளிகள். பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். வினாடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு புள்ளியின் ஒளிர்வையும் நிறத்தையும் குறிக்க 16 பிட்டுகள். எல்லாவற்றையும் பெருக்கிப் பாருங்கள்: வினாடிக்கு ஏறத்தாழ 16 கோடியே 59 லட்சம் பிட்டுகள், அதாவது 166 மெகாபிட். நம் கல்லூரியின் மொத்த இணைப்பும் ஒரே ஒரு மாணவருக்குக் கூடப் போதாது!

நல்ல வேளையாக, இந்த எண்களில் பெரும்பகுதி வீண். வெள்ளியங்கிரி மலையின் மேல் நீல வானம் தெரியும் ஒரு படத்தில், அடுத்தடுத்த ஆயிரம் புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே நீலம்தான். 'நீலம், நீலம், நீலம்' என்று ஆயிரம் முறை சொல்வதற்குப் பதில், 'இந்தப் பரப்பு முழுவதும் நீலம்' என்று ஒரு முறை சொன்னால் போதாதா? அதுபோலவே, ஆசிரியர் கரும்பலகை முன் நின்று பாடம் நடத்துகிறார். வினாடிக்கு 25 முறை கரும்பலகையைத் திரும்பத் திரும்ப அனுப்புவானேன்? அவருடைய கை அசைந்த இடத்தை மட்டும் அனுப்பினால் போதுமே. இவ்விரண்டு சிக்கனங்களுமே படச் சுருக்கத்தின் அடிப்படை.

இதில் முதல் சிக்கனத்திற்கு ஒரு கணித முறை உண்டு. படத்தை 8 புள்ளி நீளமும் 8 புள்ளி அகலமும் உள்ள சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் 64 எண்கள். அவற்றைப் பல்வேறு கொசைன் அலைகளின் கூட்டாக எழுதுகிறார்கள். ஓசை என்பது பல அதிர்வுகளின் கூட்டு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். படத்தையும் அவ்வாறே அலைகளாகப் பிரிக்கலாம். சீரான பரப்பில் மெதுவான அலைகளே மிகுதி; வேகமான அலைகளின் அளவு சுழிக்கு அருகில் இருக்கும். அவற்றை விட்டுவிட்டாலும் நம் கண் கண்டுபிடிக்காது. 64 எண்களுக்குப் பதில் ஐந்தாறு எண்களை அனுப்பினாலே போதும்.

இம்முறையைக் கண்டவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த அவர், 1972-இல் இந்த ஆராய்ச்சிக்குப் பண உதவி கேட்டு அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். 'கருத்து மிக எளிமையாக இருக்கிறது' என்ற காரணத்தால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. ஆயினும் அவர் அதைக் கைவிடவில்லை. 1973 கோடை விடுமுறையில் ஊதியமின்றியே வேலையைத் தொடர்ந்தார். தம் மாணவர் டி. நடராசனோடும், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தவரான கே.ஆர். ராவோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். இன்று நாம் செல்பேசியில் எடுக்கும் புகைப்படங்களும், எம்.பெக்-2 முறையில் வரும் தொலைக்காட்சியும் அந்த 'எளிமையான' கருத்தின்மீதே நிற்கின்றன. எளிமை என்பது குறையன்று என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

166 மெகாபிட்டாக இருந்த படம் எம்.பெக்-2 முறையில் ஏறத்தாழ 4 மெகாபிட்டுக்குச் சுருங்கியது. 2003-இல் வெளியான எச்.264 முறையில் அது 2 மெகாபிட் அளவுக்கு வந்தது. அதாவது எண்பதில் ஒரு பங்கு!

வாய்க்காலும் மடையும்

சுருக்கிய பிறகும் 300 பேருக்கு 600 மெகாபிட் தேவை என்று முதலில் பார்த்தோம். அந்தக் கணக்கில் ஒரு மறைமுகமான அனுமானம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் படி சென்னையிலிருந்தே புறப்பட வேண்டும் என்று நாம் எடுத்துக் கொண்டோம். அது உண்மையில் தேவைதானா?

பவானியில் பிரிந்து நொய்யல் வரை ஓடும் காலிங்கராயன் வாய்க்காலைப் பாருங்கள். ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு மேலாக ஈரோட்டுப் பகுதி வயல்களுக்கு நீர் தருகிறது. ஒவ்வொரு வயலுக்கும் அணையிலிருந்தே தனித்தனி வாய்க்கால் வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வயலுக்கே இடம் இருந்திராது! ஒரே வாய்க்கால் வருகிறது; தேவையான இடத்தில் மடை திறந்து கொள்கிறார்கள். கணிப்பொறிப் பின்னலிலும் இவ்வாறே செய்யலாம். ஒரே ஒரு படி புறப்பட்டு வரும். கிளை பிரியும் இடத்தில், கேட்டவர்கள் இருக்கும் கிளைக்கு மட்டும் அது படி எடுத்து அனுப்பப்படும். இதனைக் குழு அனுப்புகை எனலாம். ஆளுக்கொரு படி அனுப்புவது தனி அனுப்புகை.

வாய்க்காலுக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நீரைப் பங்கிட்டால் குறையும். கடைமடைக்காரருக்குத் தண்ணீர் போதவில்லை என்ற வழக்கு நம் ஊர்களில் புதிதன்று. ஆனால் செய்தியைப் படி எடுத்தால் அது குறைவதில்லை. பொருளுக்கும் ஆற்றலுக்கும் அழிவின்மை விதி உண்டு. செய்திக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. படி எடுப்பதற்கு வேண்டிய சிறிதளவு மின்னாற்றலைக் கிளை பிரிக்கும் கருவியான 'ஸ்விட்ச்' கொடுத்துவிடுகிறது. ஆகவே கடைசி அறை மாணவருக்கும் முதல் அறை மாணவருக்கும் ஒரே தரத்தில் படம் கிடைக்கிறது. இந்த வலைப்பின்னலில் கடைமடை என்பதே இல்லை!

இம்முறையை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஸ்டீவ் டீரிங் 1980களில் வகுத்தார். 1989-இல் அது இணையத்தின் விதியாக எழுதப்பட்டது. ஒவ்வொரு கணிப்பொறிக்கும் இணையத்தில் ஒரு முகவரி எண் உண்டல்லவா? 224 முதல் 239 வரையுள்ள எண்களில் தொடங்கும் முகவரிகள் எந்தக் கணிப்பொறிக்கும் உரியவையல்ல. அவை குழுக்களுக்கு உரியவை. 239.1.1.1 என்னும் முகவரியை ஒரு தொலைக்காட்சி அலைவரிசையின் எண் போலக் கருதலாம். பார்க்க விரும்பும் கணிப்பொறி, 'என்னையும் அக்குழுவில் சேர்த்துக் கொள்' என்று தன் ஸ்விட்சுக்கு ஒரு சிறு விண்ணப்பம் அனுப்பும். படம் அந்தக் கிளையில் பாயத் தொடங்கும். பார்த்து முடித்ததும், 'விலகிக் கொள்கிறேன்' என்று சொல்லும். மடை அடைபடும். 1992 மார்ச்சில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நடந்த இணையப் பொறியாளர் கூட்டத்தின் ஒலி, இம்முறையில் 20 இடங்களுக்கு நேரடியாக அனுப்பப்பட்டது.

இனி நம் விடுதிக் கணக்கைத் திரும்பப் போடுவோம். சென்னையிலிருந்து கல்லூரிக்கு ஒரே ஒரு படி: 2 மெகாபிட். வளாகத்திற்குள் முதன்மைக் கம்பியில் ஒரே ஒரு படி: அதுவும் 2 மெகாபிட். 300 பேர் பார்த்தாலும் 3000 பேர் பார்த்தாலும் அதே 2 மெகாபிட்தான். 600 எங்கே, 2 எங்கே!

பரந்த இணையத்தில் இம்முறை பெரும்பாலும் நடைமுறைக்கு வரவில்லை. அங்கே வழியிலுள்ள கருவிகள் பல நிறுவனங்களுக்குச் சொந்தம். எல்லோரும் ஒத்துழைத்தால்தான் படம் சேரும். கல்லூரி வளாகத்திலோ எல்லா ஸ்விட்சுகளும் ஒரே நிர்வாகத்தின் கையில் உள்ளன. எனவேதான் குறைந்த செலவுத் தொலைக்காட்சிக்கு வளாகம் மிகப் பொருத்தமான இடமாகிறது.

கோழி வலையில் பிடித்த படம்

குறைந்த செலவில் கல்வித் தொலைக்காட்சி என்பது நமக்குப் புதிய கனவன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கத் துணைக்கோளின் உதவியோடு, 6 மாநிலங்களில் ஏறத்தாழ 2400 சிற்றூர்களுக்கு இந்தியா தொலைக்காட்சிப் பாடங்களை அனுப்பியது. 'சைட்' என்று அழைக்கப்பட்ட அச்சோதனையில் தமிழ்நாடு இடம்பெறவில்லை. ஆனால் அதில் பயன்பட்ட ஏரியலை நம் பகுதி மாணவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். நாமக்கல், பல்லடம் பகுதிக் கோழிப் பண்ணைகளில் காணும் அதே கம்பி வலையைக் கொண்டு, 3 மீட்டர் அகலக் கிண்ணமாக நம் பொறியாளர்கள் அதைச் செய்தார்கள்!

ஓட்டை வலை எவ்வாறு அலையைப் பிடிக்கும் என்று கேட்கலாம். துணைக்கோள் அனுப்பிய அலையின் அதிர்வெண் 860 மெகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை இதனால் வகுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் என வரும். வலையின் ஓட்டை அதைவிட மிகச் சிறியது. ஆகவே அந்த அலைக்கு வலை ஓட்டையற்ற கண்ணாடியாகவே தோன்றும், பட்டுத் திரும்பிவிடும். இன்று வீட்டுக் கூரைகளில் உள்ள டிஷ்களுக்கு வரும் அலையின் நீளம் 2.5 சென்டிமீட்டர் அளவே. அதனால்தான் அவை தகட்டால் செய்யப்படுகின்றன. இயற்பியல் தெரிந்தவர் கைக்குக் கோழி வலையும் விண்வெளிக் கருவியாகிவிடும்.

1984 ஆகஸ்டு 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு, இன்சாட்-1பி துணைக்கோள் வழியாக 'நாடு தழுவிய வகுப்பறை' நிகழ்ச்சியைத் தொடங்கியது. 2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்கென்றே உருவாக்கப்பட்ட எடுசாட் துணைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அது 2010-இல் ஓய்வு பெறும்வரை நாடெங்கும் பல கல்லூரிகளை ஒரே வகுப்பறையாக இணைத்தது.

நம் கோவைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. பாலக்காட்டுக் கணவாயின் காற்று வீசும் எட்டிமடையில் தலைமையிடம் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகம், வெவ்வேறு மாநிலங்களில் உள்ள தன் வளாகங்களை எடுசாட் வழியாக இணைத்துப் பாடம் நடத்தியது. அப்பல்கலைக்கழகம் நடுவணரசின் கல்வித் திட்டத்தின் உதவியோடு 'ஏ-வியூ' என்னும் இணைய வகுப்பறை மென்பொருளை உருவாக்கியது. பம்பாய் ஐ.ஐ.டி. அதைப் பயன்படுத்தி, நாடெங்கும் உள்ள மையங்களில் அமர்ந்திருந்த ஆயிரக்கணக்கான கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரே நேரத்தில் பயிற்சி அளித்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய தொலைக்காட்சிப் பாடங்களில் மாணவர் கேட்க மட்டுமே முடியும். ஐயம் எழுந்தால் திரை பதில் சொல்லாது. ஏ-வியூவில் மாணவர் கையுயர்த்திக் கேள்வி கேட்கலாம். ஆனால் துணைக்கோள் வழியே கேள்வி கேட்டால் சற்றுப் பொறுக்க வேண்டும். புவிநிலைத் துணைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. மேலே போய்க் கீழே வர அலைக்குக் கால் வினாடி. பதில் திரும்பி வர இன்னொரு கால் வினாடி. தரைவழி ஒளியிழையிலோ ஒளி வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னைக்கும் கோவைக்கும் இடையிலான 500 கிலோமீட்டரைக் கடக்க 400-இல் ஒரு பங்கு வினாடியே ஆகும். உரையாடலுக்கு ஒளியிழையே சிறந்தது.

என்னென்ன வேண்டும்?

ஒரு கலைக் கல்லூரி இத்தகைய நிலையத்தை அமைக்க விரும்பினால் என்னென்ன வேண்டும்? பட்டியல் வியக்கத்தக்க அளவு சிறியது. கூரையில் ஒரு டிஷ், அலையை எண்களாகத் தரும் ஒரு சிறு ஏற்பிக் கருவி, சற்றுப் பழைய கணிப்பொறி ஒன்று, லினக்ஸ், வி.எல்.சி. போன்ற இலவச மென்பொருள்கள். துணைக்கோளிலிருந்து வரும் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டே வருகிறது. எனவே கணிப்பொறிக்குச் சுருக்கும் வேலை இல்லை. வரும் எண்களைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, குழு முகவரியை எழுதி அனுப்புவது மட்டுமே அதன் வேலை. அஞ்சல் நிலையத்தில் முத்திரை குத்துவது போன்ற வேலைதான்.

எதைக் காட்டுவது? 2017 ஜூலையில் தொடங்கப்பட்ட 'ஸ்வயம் பிரபா' அலைவரிசைகள் கல்லூரிப் பாடங்களையும் பள்ளிப் பாடங்களையும் கட்டணமின்றி ஒளிபரப்புகின்றன. 2019 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி தமிழிலேயே பள்ளிப் பாடங்களைத் தருகிறது. கட்டண அலைவரிசைகளை உரிமையாளரின் அனுமதியின்றி இவ்வாறு மறு ஒளிபரப்புச் செய்வது சட்டத்திற்குப் புறம்பானது. அதில் எச்சரிக்கை வேண்டும். எல்லாவற்றையும்விட நல்ல நிகழ்ச்சி, கல்லூரியின் சொந்த நிகழ்ச்சியே. ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் செய்து காட்டும் சோதனையை ஒரு செல்பேசிக் கேமராவால் பிடித்து வளாகம் முழுதும் காட்டலாம். கடைசி வரிசை மாணவருக்கு வெர்னியர் அளவுகோலின் கோடுகள் முதல் வரிசையைவிடத் தெளிவாகத் தெரியும்!

நேரடி ஒளிபரப்பைத் தவறவிட்டவர்களுக்கு என்ன வழி? பாடங்களை வளாகக் கணிப்பொறியிலேயே சேமித்து வைப்பதுதான். சென்னை ஐ.ஐ.டி.யும் பிற ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003 முதல் நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டம், தன் சொற்பொழிவுகளை வன்தட்டில் படி எடுத்துக் கல்லூரிகளுக்குத் தந்திருக்கிறது. இதில் ஒரு சுவையான கணக்கு உண்டு. ஒரு டெராபைட் வன்தட்டில் 8 லட்சம் கோடி பிட்டுகள் அடங்கும். அதைச் சென்னையில் பேருந்தில் ஏற்றினால் 10 மணி நேரத்தில் காந்திபுரம் வந்து சேர்கிறது என்று கொள்வோம். 36,000 வினாடிகள். வகுத்துப் பாருங்கள்: வினாடிக்கு ஏறத்தாழ 222 மெகாபிட்! நம் கல்லூரியின் இணைய இணைப்பைவிட இருமடங்கு வேகம். அந்தத் தட்டில் வினாடிக்கு 2 மெகாபிட் தரத்தில் 1100 மணி நேரப் பாடங்கள் இருக்கும்.

இடையூறுகள்

எல்லாம் இவ்வளவு எளிதா என்றால், இல்லை. மூன்று இடையூறுகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, ஸ்விட்சுகள். மலிவான ஸ்விட்சு, யார் கேட்டார்கள் என்று கவனிக்காமல் எல்லாக் கிளைகளிலும் படத்தைத் திறந்துவிடும். பத்து அலைவரிசைகள் ஓடினால் வேண்டாத கணிப்பொறிகளையும் வெள்ளம் சூழும். விண்ணப்பங்களைக் கவனித்து மடை திறக்கும் அறிவுள்ள ஸ்விட்சு தேவை. செலவைக் குறைக்கக் கூடாத இடம் இது.

இரண்டாவது, 'வை-ஃபை'. தனி அனுப்புகையில் ஒவ்வொரு பொட்டலத்திற்கும் 'வந்து சேர்ந்தது' என்று செல்பேசி பதில் சொல்லும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பப்படும். குழு அனுப்புகையில் அவ்வாறு பதில் வாங்குவதில்லை. தூரத்தில் உள்ள செல்பேசிக்கும் கேட்க வேண்டுமே என்று, மிக மெதுவான வேகத்தில் அனுப்பப்படுவதும் உண்டு. ஆகவே படம் சிதறும். வகுப்பறைகளுக்கும் விடுதிக் கூடத்திற்கும் கம்பி வழியாகவே கொடுத்துவிடுவது நல்லது.

மூன்றாவது, தொலைந்த பொட்டலங்கள். நேரடி ஒளிபரப்பில் 'திரும்ப அனுப்பு' என்று கேட்க நேரமில்லை. அதற்கும் கணிதம் கை கொடுக்கிறது. 5, 7, 4 என்ற மூன்று எண்களை அனுப்ப வேண்டும். நான்காவதாக அவற்றின் கூட்டுத்தொகை 16 என்பதையும் சேர்த்து அனுப்பினால், வழியில் 7 தொலைந்தாலும் கவலையில்லை. 16-லிருந்து 5-ஐயும் 4-ஐயும் கழித்தால் 7 கிடைத்துவிடும். சிறிது கூடுதலாக அனுப்பிப் பெரிய இழப்பைத் தவிர்க்கும் இம்முறை, விண்வெளிக் கலங்களின் செய்தித் தொடர்பிலும் பயன்படுகிறது. அதோடு, சிறுவாணித் தண்ணீர் எந்நேரம் வந்தாலும் குழாய் சீராகக் கொட்டுவதற்கு வீட்டுத் தொட்டி உதவுவது போல, சில வினாடிப் படத்தை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் நினைவகத் தொட்டியும் ஒவ்வொரு கணிப்பொறியிலும் உண்டு.

யாருக்காக இவ்வளவும்?

2020-இல் கொரோனாத் தொற்றினால் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டபோது பாடங்கள் செல்பேசிக்கு வந்தன. வீட்டில் இருந்த ஒரே செல்பேசியை அண்ணனும் தங்கையும் பங்கிட்டுக் கொண்டார்கள். மலைச் சிற்றூர்களில் அலை கிடைக்கும் மேட்டைத் தேடி மாணவர்கள் நடந்தார்கள். நன்றாகப் படிக்கும் மாணவர் பின்தங்கியதற்கு அறிவுக் குறைவு காரணமன்று. பிட்டுகளின் குறைவே காரணம். பணம் உள்ளவருக்கு அகலமான இணைப்பும், இல்லாதவருக்குத் திணறும் படமும் என்ற நிலை நீடிக்குமானால், கல்விக்கென்று வந்த கருவியே புதிய ஏற்றத்தாழ்வை உண்டாக்கிவிடும்.

வளாகத் தொலைக்காட்சி இந்தக் குறை முழுவதையும் தீர்த்துவிடாது. வளாகத்தின் மதிலுக்கு அப்பால் அது செல்லாது. பாடம் கேட்டபின் ஐயம் தீர்க்க ஓர் ஆசிரியரும் அருகில் வேண்டும். ஆனால் வால்பாறை போன்ற மலை ஊரில் உள்ள கல்லூரியும், சென்னையின் பெரிய கல்லூரி காணும் அதே சொற்பொழிவை அதே தெளிவோடு காண முடியும் என்பது சிறிய காரியமன்று. அதற்கு வேண்டியது பெரும் பணம் அன்று. இருக்கும் கம்பியைச் சரியாகப் பயன்படுத்தும் அறிவே.

உங்கள் பள்ளியிலும் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கலாம். கம்பியால் இணைக்கப்பட்ட கணிப்பொறிகள் அங்கே உள்ளன அல்லவா? ஆசிரியரின் அனுமதியோடு ஒரு கணிப்பொறியில் வி.எல்.சி.யைத் திறந்து, பாடப் படம் ஒன்றை 239.1.1.1 என்னும் குழு முகவரிக்கு அனுப்பச் செய்யுங்கள். மற்றக் கணிப்பொறிகளில் அதே முகவரியைத் திறந்து பாருங்கள். முதலில் ஒரு கணிப்பொறி, பிறகு ஐந்து, பிறகு பத்து. அனுப்பும் கணிப்பொறியில் வினாடிக்கு எத்தனை பிட்டுகள் வெளியேறுகின்றன என்பதை ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள். பார்ப்பவர் எண்ணிக்கையைக் கிடையச்சிலும் பிட்டு வேகத்தைச் செங்குத்தச்சிலும் வைத்து வரைபடம் போடுங்கள். ஏறுகோடு வருமா, மட்டக்கோடு வருமா என்பதை இக்கட்டுரையைப் படித்த நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆயினும் செய்து பார்த்துச் சொல்வதே அறிவியல்.